தெருக்குழாய்க்குள் திரும்பிப் போகும் தண்ணீர்: வால்வு வாங்கும் முன் சில பதில்கள்

தண்ணீர்ச் சாமான்களைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா என்கிறார், ஒருவர் வால்வு கேட்கிறார், இன்னொருவருக்கு மோட்டார் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. குழாயில் தண்ணீர் நம் வீட்டை நோக்கி மட்டும் ஓடுவதில்லை, சமயத்தில் வீட்டிலிருந்து தெருவுக்கும் ஓடும். அதைத் தடுக்க எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதுதான் பேச்சு.

கேள்வி (கொளத்தூர், சென்னை): எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் மெட்ரோ தண்ணீர் வருகிறது. முதலில் கொஞ்ச நேரம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வரும். அப்புறம் தெளிந்துவிடும். ஆர்.ஓ. விற்க வந்த தம்பி, டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கறுப்பாக்கிக் காட்டினார். பதினெட்டாயிரம் ரூபாய் மெஷின். வாங்கிவிடலாமா?

பதில்: அந்தக் கம்பி வித்தையை முதலில் முடித்துவிடுவோம். அதில் ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து, பழுப்பும் பச்சையும் கறுப்புமாகத் திரண்டு நிற்கும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் பாய்வதில்லை, தண்ணீர் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை வந்தால், அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் கறுக்கும். கிருமி இருக்கிறதா என்பதற்கும் அந்த டம்ளருக்கும் சம்பந்தமே இல்லை. டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். கரைந்த உப்பை அளக்கும், சாக்கடையை அளக்காது.

இனி வாடை விஷயம். தண்ணீர் விடாத நேரத்தில் தெருக்குழாய் பாதி காலியாகக் கிடக்கிறது. வால்வை மூடியதும் மேட்டுப் பகுதியில் நிற்கும் தண்ணீர் பள்ளத்து வீடுகளுக்குள் வடியத் தொடங்கும். வடியும்போது பின்னாலிருந்து உறிஞ்சும். காற்று கிடைத்தால் காற்று. கிடைக்காவிட்டால், ஜாயின்ட் விட்ட இடத்தைச் சுற்றித் தேங்கியிருக்கும் கழிவுநீர், யாரோ வாளிக்குள் போட்டுவிட்டுப் போன டியூப், சம்பின் அடியில் மூழ்கிக் கிடக்கும் பைப், எது அகப்படுகிறதோ அது. மறுநாள் தண்ணீர் விட்டதும் உள்ளே வந்த சரக்கெல்லாம் முதலில் வந்து சேர்கிறது. உங்கள் முதல் பத்து நிமிடம் இதுதான். தண்ணீர் வரும் நேரத்தில் நாலு வீட்டில் லைனிலேயே மோட்டாரைப் போட்டு இழுத்தால், குழாயில் தண்ணீர் இருக்கும்போதே இந்த உறிஞ்சல் நடக்கும். பழைய வீடுகளில் மெட்ரோ லைனில் மாட்டியிருக்கும் அடிபம்பும் உறிஞ்சத்தான் செய்கிறது, ஆனால் அது ஒரு ஆளின் கைப்பலம் மட்டும்.

மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில், ஒரு தளக் கட்டடத்துக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அழுத்தம் இணைப்பு தரும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நம்மூரில் பல தெருக்களில் தரைக்குக் கீழே இருக்கும் சம்புக்கே தத்தித் தத்தித்தான் வருகிறது. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் இந்தக் கலப்படத்தில் பெரும்பகுதி நடக்காது. ஒடிசாவின் புரி நகரம் 2021இல் இருபத்துநாலு மணி நேரமும் குழாயிலிருந்து அப்படியே குடிக்கும் தண்ணீர் என்று அறிவித்தபோது அதன் முக்கியத்துவம் இதில்தான் இருந்தது.

சரி, உங்களுக்கு என்ன செலவு? சம்புக்குள் பைப் நுழைவதற்கு முன்னால், மீட்டரை ஒட்டி, ஒரு டீயும் (பைப்பை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) வெளிக்குழாயும், அதற்கு அடுத்து ஒரு வால்வும் போடச் சொல்லுங்கள். காலையில் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து, கலங்கலும் வாடையும் போகும்வரை செடிக்கு விடுங்கள். பிறகு சம்புக்குத் திறங்கள். வெளிக்குழாயில் டியூப் மாட்டித் தரையில் போட்டுவிடாதீர்கள், அது நாம் தடுக்க நினைக்கும் வழியையே திறந்துவிடும். சாக்கடை வாடை என்பது வாரியம் வந்து தோண்டிப் பார்க்க வேண்டிய விஷயம். சென்னைக்கு 044-4567 4567இல் புகார் சொல்லி எண் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

ஆர்.ஓ.வை அப்புறம் யோசிக்கலாம். பரிசோதனை அறிக்கையில் டி.டி.எஸ். 500க்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லை, புற ஊதா விளக்கு வைத்த மெஷின் போதும். எந்த மெஷினும் சமையலறைக் குழாய்க்கு மட்டும்தான். பல் துலக்குவதும் பாத்திரம் கழுவுவதும் குழந்தை குளிக்கும்போது வாய்க்குள் போவதும் சம்புத் தண்ணீர்தான்.

கேள்வி (பாளையங்கோட்டை): போர்த் தண்ணீரும் மாநகராட்சித் தண்ணீரும் ஒரே பைப்பில் மாடித் தொட்டிக்கு ஏறும்படி பிளம்பர் இணைத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு கேட் வால்வு இருக்கிறது. கொஞ்ச நாளாகப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, தன் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது, உங்கள் வீட்டால்தான் என்று சண்டைக்கு வருகிறார். கேட் வால்வை மூடித்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: அண்ணாச்சி சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் போர் மோட்டார் இரண்டாவது மாடித் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்ற வேண்டும். சுமார் பத்து மீட்டர் உயரம், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். அதே நேரத்தில் தெருக்குழாயில் இருப்பது அநேகமாகப் பூஜ்யம். நடுவில் நிற்பது ஒரே ஒரு கேட் வால்வு. அதன் அடியில் மணலும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்துவிட்டால், கைப்பிடி எவ்வளவு சுற்றினாலும் தகடு முழுதாக உட்காராது. வெளியிலிருந்து பார்த்தால் மூடியிருப்பதுபோலவே இருக்கும். வீட்டில் யாராவது திறந்துவிட்டு மறந்துபோவது தனிக்கதை.

சோதிப்பது சுலபம். மாநகராட்சித் தண்ணீர் வராத நேரத்தில் கேட் வால்வை இறுக்கி மூடுங்கள். மீட்டருக்குப் பக்கத்திலிருக்கும் யூனியனை (திருகிக் கழற்றும் இணைப்பை)க் கழற்றி, கேட் வால்வுப் பக்கத்து பைப் வாயைத் திறந்து வையுங்கள். இப்போது போர் மோட்டாரைப் போடுங்கள். அந்த வாயில் ஒரு சொட்டு வந்தாலும் அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். யூனியனைக் கழற்ற முடியாவிட்டால் மோட்டார் ஓடும்போது மீட்டரைப் பாருங்கள். பல மீட்டர்களில் தண்ணீர் திரும்பி ஓடினால் முள்ளும் பின்பக்கம் சுற்றும்.

இதற்கு வாங்க வேண்டியது வால்வே இல்லை. இணைப்பை வெட்டிவிடுங்கள். மாநகராட்சி பைப் தனியாகவும் போர் பைப் தனியாகவும் சம்புக்கோ தொட்டிக்கோ வரட்டும். இரண்டின் வாயும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே காற்றில் நிற்கட்டும். தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் பைப் வாய்க்கும் நடுவில், பைப்பின் விட்டத்தைப்போல இரண்டு பங்கு இடைவெளி வேண்டும், எப்படியானாலும் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தெருவில் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றைத்தான் உறிஞ்சும், உங்கள் போர் எவ்வளவு தள்ளினாலும் தொட்டியோடு நின்றுவிடும். கொஞ்சம் பைப், இரண்டு எல்போ, பிளம்பரின் அரைநாள் கூலி. துருப்பிடிக்காது, ஸ்பிரிங் போகாது, சர்வீஸ் வேண்டாம். தண்ணீர் சம்பந்தமாக நான் சிபாரிசு செய்யும் பொருட்களில் இந்த வெறும் இடைவெளிக்குத்தான் முதலிடம். விற்பதற்கு எதுவும் இல்லாததால் கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு விஷயத்தைப் பிளம்பரிடம் மறக்காமல் கேளுங்கள். தண்ணீர் விழும் சத்தம் வரக்கூடாது என்று சம்பின் தரைவரை பைப்பை நீட்டி விடுவது ஒரு வழக்கம். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும், பால் வால்விலிருந்து (தொட்டி நிரம்பியதும் தானாக மூடும் மிதவை வால்வு) ஒரு துண்டு பைப் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். தெருவில் அழுத்தம் போனதும் அந்தத் துண்டு உங்கள் சம்பையே வெளியே உறிஞ்சிக்கொடுக்கும். அதை அறுத்து எடுத்துவிடச் சொல்லுங்கள். சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வீட்டு உப்புத் தண்ணீர் என்பதால் சண்டையோடு போயிற்று. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற ஊரில், தார் ஆலை ஒன்றிலிருந்து ஒரு ரசாயனம் இப்படித்தான் திரும்பி நகரக் குழாய்க்குள் போனதாகச் சந்தேகம் வந்தது. மூன்று லட்சம் பேர் வாழும் ஊர். குழாயைத் திறக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் பயனில்லை என்று அறிவித்து, ஏறக்குறைய நான்கு நாள் தண்ணீர் பாட்டிலோடு அல்லாடினார்கள்.

கேள்வி (திருச்சி): மீட்டருக்கு அடுத்து என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போடச் சொல்கிறார்கள். கடையில் பித்தளை, பி.வி.சி., ஸ்பிரிங், ஸ்விங் என்று எடுத்துப் போட்டுக் குழப்புகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: உங்கள் தெரு அழுத்தத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. திறப்பதற்கே கொஞ்சம் அழுத்தம் கேட்கும். மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் லைனில் அது ஜோராக வேலை செய்யும். தெருத் தண்ணீர் நூலாக வரும் வீட்டில் அதைப் போட்டால் வருகிற நூலும் நின்றுவிடும், அப்புறம் பிளம்பரே வந்து உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் போவார், வால்வு இருந்தும் இல்லாத கதை. மெல்லிய அழுத்தத்துக்கு ஸ்விங் வகை நல்லது. உள்ளே ஒரு சின்னக் கதவு தொங்கும், தண்ணீர் தள்ளினால் திறக்கும், நின்றால் தன் கனத்தில் விழுந்து மூடும். அது தன் கனத்தில்தான் மூடுகிறது என்பதால் படுக்கையாக, மூடித் தொப்பி மேல்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். நிமிர்த்தி வைப்பதானால் தண்ணீர் கீழிருந்து மேலே போகிற பைப்பில் மட்டும். மேலிருந்து கீழே இறங்கும் பைப்பில் ஸ்விங் வைத்தால் கதவு எப்போதும் திறந்தே தொங்கும்.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. உடம்பில் அம்புக்குறி இருக்கும். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அம்பு போகும் திசையில் வாயை வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். திருப்பிப் பிடித்து ஊதினால் அடைத்துக்கொள்ள வேண்டும். புசுபுசுவென்று காற்று கசிந்தால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்விங் வகையைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வாயை அப்புறம் கழுவிக்கொள்ளலாம்.

பித்தளையும் கன்மெட்டலும் நீடித்து உழைக்கும். ஆனால் பித்தளை என்று விற்பதில் கையில் எடுத்தால் காகிதம்போல் இருப்பதும் உண்டு. ஒரே அளவில் இரண்டு கம்பெனிச் சரக்கை இரண்டு கையிலும் வைத்துக் கனம் பாருங்கள். செம்பு கலந்த உலோக வால்வுகளுக்கு ஐ.எஸ். 778 என்ற தரம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அந்தக் கம்பெனியின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தாலோ எண்ணே இல்லாவிட்டாலோ முத்திரை சும்மா குத்தியது. பி.வி.சி. மோசமில்லை, வெயில் படாத இடமானால் தாராளமாகப் போடலாம்.

எதை வாங்கினாலும் இரண்டு பக்கமும் யூனியன் வைத்து மாட்டச் சொல்லுங்கள், கழற்றிக் கழுவ முடிய வேண்டும். வால்வுக்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டி இருந்தால் நல்லது. மணல் ஒரு பொடி உட்கார்ந்துவிட்டால் கதவு முழுதாக மூடாது, அதை வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் என்.ஆர்.வி.க்கு இரண்டாம் இடம் என்கிறேன். இடைவெளியும் வைத்து இதையும் போடுங்கள். இடைவெளி வைக்கவே முடியாத ஆழத்தில் சம்ப் பைப் நுழைகிறது என்றால், சம்பை விளிம்புவரை நிரப்பும் ஆசையை விட்டுவிட்டு, பால் வால்வைத் தாழ்த்தி வைத்து பைப் வாய்க்குக் கீழேயே தண்ணீரை நிறுத்துங்கள். அரையடித் தண்ணீர் குறையும், அவ்வளவுதான்.

சோலார் ஹீட்டர் வைத்திருந்தால் அதற்குள் போகும் பச்சைத் தண்ணீர் பைப்பிலும் ஒரு என்.ஆர்.வி. வேண்டும். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். காரணம் இதுதான்.

கேள்வி (வேலூர்): தெருவில் எல்லாரும் லைனில் மோட்டார் போடுகிறார்கள். நான் மட்டும் போடாவிட்டால் எனக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. மோட்டாருக்கு முன்னால் என்.ஆர்.வி. போட்டுவிட்டால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார். அரை எச்.பி.யில் எது நல்லது?

பதில்: எதையும் சொல்லப் போவதில்லை. அது சட்டவிரோதம், மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பைத் துண்டிப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கடைக்காரர் சொன்ன கணக்கைப் பார்ப்போம். என்.ஆர்.வி. உங்கள் வீட்டுத் தண்ணீர் வெளியே போவதைத்தான் தடுக்கும். மோட்டார் செய்வது அதற்கு நேரெதிர், வெளியே இருப்பதை உள்ளே இழுப்பது. தெருக்குழாயில் வெற்றிடம் உண்டானதும் விரிசல் வழியாக உள்ளே வரும் சாக்கடை நேராக எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? யார் பலமாக இழுக்கிறாரோ அவர் சம்புக்கு. காசு கொடுத்து அதை வாங்குவானேன்?

நியாயமான வழி ஒன்று இருக்கிறது. தரைமட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சம்ப் கட்டி, தண்ணீர் தானாக அதில் விழட்டும். அந்தச் சம்பிலிருந்து மாடிக்கு எத்தனை எச்.பி. வேண்டுமானாலும் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மோட்டாரைப் பிடுங்கச் சொல்லி நகராட்சிக்கு மனுக் கொடுத்த தெருக்களும் உண்டு. முதல் கையெழுத்து யாருடையது என்பதில்தான் தகராறு வரும்.

கேள்வி (ராமநாதபுரம் மாவட்டம்): குழாயில் தண்ணீர் ஏறாததால் வீட்டு வாசலில் மூன்றடிக்குக் குழி தோண்டி, குழாயை அதற்குள் தாழ்த்தி வைத்துக் குடம் பிடிக்கிறோம். ஊரில் பாதி வீடு இப்படித்தான். குழிக்குச் சிமென்ட் மூடி விற்கிறார்கள். போட்டால் போதுமா?

பதில்: மூடி மழைத் தண்ணீரைக் கொஞ்சம் தடுக்கும், குழந்தை விழாமல் காக்கும். அதற்காகப் போடலாம். ஆனால் குடம் கழுவிய தண்ணீர், சிந்திய தண்ணீர், கால் கழுவிய தண்ணீர் எல்லாம் குழிக்குள்தான் நிற்கிறது. அது குழாய் வாயைத் தொட்டுவிட்டால், தண்ணீர் நின்ற நிமிடத்தில் உள்ளே இழுக்கப்படும்.

இது கிராமத்துக் கஷ்டம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1969இல் அமெரிக்காவின் உஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் 90 பேருக்கு மஞ்சள் காமாலை தொற்றியது. மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய்கள் தரைக்குக் கீழே சின்னக் குழிகளில் இருந்தன. காமாலை இருந்த பிள்ளைகள் அங்கே விளையாடியிருந்தார்கள். பக்கத்தில் தீப்பிடித்து, தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை இழுத்தபோது லைனில் அழுத்தம் விழுந்து, குழித்தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த அணி அந்த வருஷத்து மிச்ச ஆட்டங்களையே கைவிட வேண்டியதாயிற்று.

மூடிக்குக் கொடுக்கும் பணத்தில் இதைச் செய்யுங்கள். குழியின் தரையைச் சிமென்ட் பூசி ஒரு பக்கம் சாய்வாக்கி, தண்ணீர் தேங்காமல் வடிய வழி செய்யுங்கள். வடிகால் போட முடியாத பள்ளமானால், பிடித்து முடிந்ததும் குவளையால் இறைத்துவிடுங்கள். குழாய் வாய் குழித்தரையிலிருந்து ஒரு குடம் உயரத்துக்காவது மேலே இருக்கட்டும். குழாயை மூடாமல் விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை வீட்டில் நிறுத்துங்கள். தண்ணீர் நின்றுவிட்டதே என்று திறந்தபடி விடுவதுதான் பெரும்பாலும் அழுக்கு நுழையும் வாசல். குழி இல்லாமல் ஏற வேண்டுமென்றால் பஞ்சாயத்துதான் வால்வு நேரத்தைப் பிரித்து விட வேண்டும். கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி அது.

கேள்வி (கோவை): 140 வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஒரு கம்பெனி, அமெரிக்காவில் கட்டாயம் என்று சொல்லி ஒரு பெரிய பின்னோட்டத் தடுப்புக் கருவிக்கும் வருடப் பராமரிப்புக்கும் சேர்த்து விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. சங்கத்தில் இரண்டு கட்சியாகிவிட்டோம்.

பதில்: அது நல்ல கருவிதான். இரண்டு என்.ஆர்.வி.க்கு நடுவில் ஒரு வடிகால் வால்வு இருக்கும், இரண்டில் ஒன்று பழுதானாலும் அழுக்குத் தண்ணீரை உள்ளே விடாமல் வெளியே கொட்டிவிடும். ஆஸ்பத்திரி, சாயப்பட்டறை, ரசாயனம் கையாளும் ஆலை, கூலிங் டவர் உள்ள கட்டடம் இவற்றில் தெரு லைன் நேராக உள்ளே போகிறது என்றால் போட்டே ஆக வேண்டும். அமெரிக்காவிலும் இது இருக்கும் இடத்தில் வருடா வருடம் பயிற்சி பெற்றவர் வந்து அளந்து பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி அளந்து தர அந்தக் கம்பெனியிடம் ஆளும் அளவுக் கருவியும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விவாதம் முடிந்தது. இன்னொன்று, அதை வெள்ளம் நிற்கும் அடித்தளத்தில் வைக்கக் கூடாது. வடிகால் வால்வு மூழ்கிவிட்டால் அதன் வழியாகவே அழுக்கு ஏறும்.

உங்கள் குடியிருப்பில் தெருத் தண்ணீர் சம்பில் விழுந்துதான் மேலே போகிறது என்றால், சம்பில் ஒழுங்கான இடைவெளி இருந்தாலே தெரு பாதுகாப்பாக இருக்கும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 140 வீடு என்றால் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கும், சுத்திகரித்த கழிவுநீர் தனி பைப்பில் ஃபிளஷ் டேங்க்குக்குப் போகும். அந்த பைப்பும் நல்ல தண்ணீர் பைப்பும் எங்கேயாவது ஒன்றாகிவிட்டால் தெருவையே குறை சொல்ல முடியாது. 2007 நவம்பரில் ஃபின்லாந்தின் நோக்கியா என்ற ஊரில் (ஆமாம், போன் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த ஊர்தான்) கழிவுநீர் நிலையத்தில் சுத்திகரித்த நீர் லைனையும் குடிநீர் லைனையும் இணைத்திருந்த ஒரு வால்வு திறந்துவிட, ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். நல்ல தண்ணீர் லைனை மொத்தமாக மூடி, ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை, குளியலறைக் குழாய்களைத் திறந்து வடிய விடுங்கள். ஃபிளஷ் லைனை மட்டும் ஓட விடுங்கள். வடிந்து முடிந்த குழாய் எதிலாவது மறுபடி தண்ணீர் சொட்டினால் அந்த வீட்டில் இணைப்பு இருக்கிறது. ஹெல்த் ஃபாசெட்டையும் மறக்காமல் திறந்து பாருங்கள். ஃபிளஷ் பைப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதிலிருந்து இழுத்துவிடும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டிலாவது குளியலறையை இடித்துக் கட்டினால் முடிந்ததும் மறுபடி இதே சோதனை. அப்புறம் எஸ்.டி.பி. தண்ணீர் குறையும்போது மாடியில் அந்தத் தொட்டிக்கு நல்ல தண்ணீர் விடும் பைப்பை ஏறிப் பாருங்கள். அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் சின்னத் துளியை எடுத்து முதலில் அதை உயர்த்துங்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): லாரித் தண்ணீர் ஊற்றும்போது டியூப்பைச் சம்புக்குள் போட்டுவிடுகிறார்கள். இதனால் ஏதாவது?

பதில்: லாரி டியூப்பால் தெருக்குழாய்க்கு ஆபத்தில்லை, உங்கள் சம்புக்குத்தான். அது போன வீட்டில் எந்தச் சேற்றில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும். வாய்ப்பக்கம் கையில் பிடித்துக்கொண்டு மேலிருந்து விழும்படி ஊற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கூடுதலாக ஒரு வேலை: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்ததுபோல் வெள்ளம் வந்து சம்ப் மூழ்கும் நிலை தெரிந்தால், மின்சாரம் இருக்கும்போதே மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு, மீட்டர் வால்வை மூடிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய என்.ஆர்.வி. இரண்டு பக்கமும் தண்ணீர் விடுகிறது. ஒரு வருட உத்தரவாதம் போட்டிருக்கிறது. கடைக்காரர் பிளம்பரைக் கைகாட்டுகிறார், பிளம்பர் கடையைக் கைகாட்டுகிறார்.

பதில்: முதலில் கழற்றிக் கழுவி ஊதிப் பாருங்கள். மணல் என்றால் யார்மேலும் தப்பில்லை. கழுவிய பிறகும் விட்டால் சரக்கு பழுது, அதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் இருக்கிறதா? அது இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். பல நேரம் கம்பெனிக்குத் தகவல் போனதும் மாற்றித் தந்துவிடுகிறார்கள். நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து லட்சம் ரூபாய்வரையான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். பில் இல்லை என்றால் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டதற்கு விலை அது.

கேள்வி (தூத்துக்குடி): சம்புக்குள் சாக்கடை கலந்த தண்ணீர் வந்து, இறைத்துக் கழுவிவிட்டோம். குளோரின் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு, எதை வாங்குவது?

பதில்: புதிய, மூடிய பாக்கெட் பிளீச்சிங் பவுடர் வாங்குங்கள். கடையில் திறந்த சாக்கிலிருந்து அள்ளித் தருவதில் குளோரின் பாதி பறந்து போயிருக்கும். கழுவிய சம்பில் நல்ல தண்ணீரை நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கு. உங்கள் சம்ப் ஆறடி நீளம், ஐந்தடி அகலம், தண்ணீர் நாலடி ஆழம் என்றால் 120 கன அடி, ஏறக்குறைய 3400 லிட்டர். எட்டரை கிராம் போதும். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் சம்பில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

அப்புறம் குளோரின் பார்க்கும் சின்னக் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். இந்த விலையில் இதைவிட உருப்படியான சாமான் எனக்குத் தெரியாது. குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம். தண்ணீர் வரும் நாளில் தெருக்குழாயிலிருந்து நேராகப் பிடித்துப் பாருங்கள். வழக்கமாக நிறம் காட்டும் குழாய் ஒருநாள் நிறமே காட்டாவிட்டால், வழியில் ஏதோ அழுக்கு அந்தக் குளோரினைத் தின்றுவிட்டது என்று சந்தேகப்படலாம். அன்றைக்குச் சம்புக்குத் திறக்காதீர்கள். கிருமிப் பரிசோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் பாட்டிலை அங்கிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் குளிர்பானப் பாட்டிலில் பிடித்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.